காத்திருந்த நேரத்துக்குக் கணக்கு
(திருவொற்றியூரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் தேரடியிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனை பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பழைய ஆட்கள் இன்னமும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஹைதர் அலியோடு கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய போரில் சுற்றுப்பட்டு ஊர்கள் பாழாகி, 1782 வாக்கில் பசியோடு பட்டணத்துக்கு ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் தொடக்கம். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார். ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் 1930-களில்தான் வந்து சேர்ந்தது. ஆக, வடசென்னைக்காரர்கள் அந்த வாசலில் நிற்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அரசு மருத்துவமனை என்றாலே வசைபாடுகிற பேச்சு ஒன்று ஊரில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1971-இல் அதே ஸ்டான்லியில், பேராசிரியர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியால், கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. அது ஏன் அங்கே தொடங்கியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விம்கோ, என்ஃபீல்டு, எம்ஆர்எஃப், அசோக் லேலண்ட் என்று வரிசையாக ஆலைகள் நின்ற கரை இது. பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர்களும் ரோலரில் கையைக் கொடுத்தவர்களும் இங்கிருந்துதான் போனார்கள். 2018 பிப்ரவரியில், இரண்டு கைகளையும் இழந்திருந்த ஒரு மனிதருக்கு வேறொருவரின் கைகளைப் பொருத்தியதும் அதே ஸ்டான்லிதான். தமிழ்நாட்டில் அதுதான் முதல் முறை. இவ்வளவு செய்யத் தெரிந்த அமைப்பிடம்தான் நான் கணக்குக் கேட்கிறேன். தெரியாதவனிடம் கேட்டுப் பயனில்லை.

மணிக்கட்டோடு அறுந்துபோன கையை மறுபடி சேர்க்க, குளிரில் வைத்துக் கொண்டுவராவிட்டால், ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் ரத்தம் ஓடாவிட்டால் தசை செத்துவிடும். விரலுக்கு இன்னும் சில மணி நேரம் கூடும், ஏனென்றால் விரலுக்குள் தசை கிடையாது. அந்த ஆறு மணி நேரம் எங்கெங்கே செலவாகிறது என்று பாருங்கள். ஆலைக்குள் கொஞ்சம். வண்டிக்காகக் கொஞ்சம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கொஞ்சம். 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையில், அழைப்பு வந்த நேரமும் வண்டி கிளம்பிய நேரமும் மருத்துவமனை சேர்ந்த நேரமும் கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. அவசரப் பிரிவிலும் இப்போது வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, உயிர் ஊசலாடுபவரை முதலில் எடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஸ்ட்ரெச்சரில் போவதில்லை, நடந்துதான் போகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி வலி, ஆறாத புண், கர்ப்பப்பைக் கட்டி, கண் புரை. இவர்கள் ஓபி சீட்டு வாங்கிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பதிவேடு எதையும் நான் பார்த்ததில்லை. இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

ஓர் அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவின் வாசலில் ஒரு காலை நின்றிருந்தேன். வரிசையில் ஆட்கள் இல்லை, நோட்டுகள்தான் நின்றன. நாற்பது பக்க நோட்டுகள், பிளாஸ்டிக் உறை போட்டவை, மூலை மடிந்தவை, மஞ்சள் பையில் சுற்றியவை என ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் அடுக்கியிருந்தார்கள். நோட்டுக்குரியவர்கள் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாகிவிட்டது. இனி கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் பொறுத்து, மறுபடி ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வாங்கி, அப்புறம் டாக்டரைப் பார்க்க வேண்டும். எண்ணூரிலிருந்து வந்திருந்த, மீன் விற்கிற ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “எப்பம்மா வந்தீங்க?” என்றேன். “மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன் சார். பேரு கூப்புட பதினொண்ணு ஆவும். மாத்திரை வாங்கிட்டு வெளிய போறதுக்கு ரெண்டு. இன்னிக்கி மீன் எடுக்கப் போவல, பொழப்பு போச்சு” என்றார். அவருடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். வருஷக்கணக்கில் அவருடைய சர்க்கரை அளவு தேதி வாரியாக அதில் இருந்தது. மாத்திரைப் பெயர்கள் இருந்தன, கையெழுத்துகள் இருந்தன. அவர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு டாக்டர் பார்த்தார் என்பது மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. சீட்டு போட்ட நேரம் சில இடங்களில் அச்சாகி வருகிறது. டாக்டர் பார்த்த நேரத்தை எழுதிய சீட்டை நான் எங்கேயும் கண்டதில்லை.

வைத்தியம் இலவசம். அந்த அம்மா அன்றைக்கு ஒரு நாள் வியாபாரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் அந்த இலவசத்தை வாங்கினார். அரசின் எந்தப் பட்ஜெட்டிலும் அந்தத் தொகை வராது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இதே கதைதான்: வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது.

எழுதிவைக்காத ஒன்றுக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்ல மாட்டார். இதை எழுதிவைக்க முடியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். இதைவிடக் கடினமானதை எழுதிக் காட்டிய மாநிலம் இது.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அது விதி, யார் என்ன செய்வது என்று ஒரு காலத்தில் விட்டுவிடுவார்கள். 1990-களில் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை அதை மாற்றத் தொடங்கியது. மாநிலத்தில் எந்த மூலையில் ஒரு தாய் இறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். பின்னர் ஒரு குழு அந்த வீட்டுக்கே போய் விசாரிக்கும். வலி எப்போது வந்தது, எப்போது கிளம்பினீர்கள், வண்டி கிடைத்ததா, முதலில் எந்த மருத்துவமனை, அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள், ரத்தம் இருந்ததா, மயக்க மருந்து டாக்டர் இருந்தாரா என்று மணி வாரியாகக் கேட்டு எழுதுவார்கள். அப்புறம் மாவட்ட ஆட்சியர் முன்னால் கூட்டம். சிகிச்சை கொடுத்த டாக்டர் ஒரு பக்கம், இறந்தவரின் குடும்பத்தார் ஒரு பக்கம். மனைவியைப் பறிகொடுத்த கூலித் தொழிலாளி, ஆட்சியர் அறையில் உட்கார்ந்து, “நாங்க ஒரு மணிக்கே கொண்டாந்துட்டோம் ஐயா” என்று சொல்ல இடம் கிடைத்தது. டாக்டர்களை ஜெயிலுக்கு அனுப்புவதற்காக அந்தக் கூட்டம் நடக்கவில்லை. தாமதம் எந்த இடத்தில் விழுந்தது என்று கண்டுபிடித்து அந்த இடத்தைச் சரிசெய்யத்தான் நடந்தது.

பலன் என்ன? மாதிரிப் பதிவு கணக்கெடுப்பின்படி 2001–03-இல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20-இல் அது 54. அதே காலத்தில் நாட்டின் சராசரி 97. பிரசவ வார்டில் மூன்று நர்ஸ்களைக் கொண்டு இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொள்ளும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், ரத்த வங்கிகள், வண்டிகள் என்று இதற்குக் காரணம் பல. ஆனால் எது எங்கே வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததில் அந்த விசாரணைக் காகிதங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். தாய்ச் சாவுக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகச் சொல்வார்கள்: கிளம்ப முடிவெடுக்கும் தாமதம், வந்துசேரும் தாமதம், வந்த பிறகு கவனிப்பு கிடைக்கும் தாமதம். மூன்றாவது தாமதம் முழுக்க முழுக்க மருத்துவமனையின் பொறுப்பு. தாய்க்கு அதை அளந்தோம். அதே தாய் ஐம்பது வயதில் சர்க்கரையோடு வரும்போது அளப்பதை விட்டுவிட்டோம்.

மருந்தும் அப்படித்தான். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேங்கில் கொடுப்பதுபோல ஒரு பாஸ்புக். இவ்வளவு ஒதுக்கீடு, இவ்வளவு எடுத்தாய், இவ்வளவு மிச்சம் என்று அதில் இருக்கும். மாவட்டக் கிடங்குகளின் இருப்பைச் சென்னையில் உட்கார்ந்தே பார்க்கலாம். மாத்திரை அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்துவிட்டார்கள். கேரளமும் ராஜஸ்தானும் வந்து பார்த்துவிட்டுப் போய் இதே மாதிரியில் கழகம் அமைத்தன. உறுப்பு தானத்துக்கும் 2008 முதல் பதிவு வரிசை இருக்கிறது. முறை பார்க்கும்போது, காத்திருப்பவர் எப்போது பதிந்தார் என்பதும் கணக்கில் வருகிறது. உயிர் போகிற விஷயத்தில் நேர்மையான வரிசையை நடத்தத் தெரிந்தவர்களுக்கு, அல்ட்ராசவுண்டு ஸ்கேனுக்கு ஒரு வரிசை நடத்தத் தெரியாதா?

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைப் பெரியாஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன, வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் தீர்ந்தது. அந்த நெருக்கடியில் அரசு என்ன செய்தது? எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டது. வார் ரூம் வைத்து, 104-க்கு அழைத்தவர்களுக்குப் படுக்கை தேடிக் கொடுத்தது. வண்டியில் இருப்பவரை உடனே இறக்கிக் கவனிக்க ஜீரோ டிலே வார்டு என்று ஒன்றைத் திறந்தது. இரவு பகலாக டாக்டர்களும் நர்ஸ்களும் தூய்மைப் பணியாளர்களும் அதை நடத்திக் காட்டினார்கள். நோய் அடங்கியதும் அந்தப் படுக்கைக் கணக்கும் பார்வையிலிருந்து போய்விட்டது. ஏன் போக வேண்டும்?

உச்ச நீதிமன்றம் இதை 1996-லேயே கேட்டிருக்கிறது. மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயக் கூலி, 1992 ஜூலை 8 அன்று மாலை ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்று அனுப்பினார்கள். கல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவமனை, அங்கே படுக்கை இல்லை. இன்னொன்று, அங்கேயும் இல்லை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கும் அவரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்து, சுமார் 17,000 ரூபாய் செலவானது. அவருடைய தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. அவசர சிகிச்சை தராமல் திருப்பி அனுப்புவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது நீதிமன்றம். 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணம் இல்லை என்று அரசு கையை விரிக்க முடியாது என்றும் சொன்னது. எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று தெரிந்து நோயாளியை அங்கே அனுப்ப மாநில அளவில் ஒரு தகவல் ஏற்பாடு வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. சங்கத்தின் பெயரில் வந்த தீர்ப்பு அது. இங்கே இருக்கும் சங்கத் தோழர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

அவசர சிகிச்சைக்கு இப்படிச் சட்டத்தின் துணை இருக்கிறது. அவசரமில்லாத காத்திருப்புக்கு அதுவும் இல்லை. 1995-இல் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையின் மேல் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. காசு கொடுத்தவர் கேள்வி கேட்கலாம், கொடுக்காதவருக்கு வழி அடைபட்டிருக்கிறது. ஆனால் யார் கொடுக்கவில்லை? டீத்தூளிலிருந்து சோப்பு வரைக்கும் நாம் வரி கட்டித்தான் வாங்குகிறோம். இஎஸ்ஐ காப்பீட்டில் இருக்கிற தொழிலாளிக்கோ சம்பளத்தில் 0.75 சதவீதம் மாதாமாதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுகிறார். அந்தத் தொழிலாளி அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனையில் நிற்கும்போது தன் பணத்துக்குரிய சேவையைத்தான் கேட்கிறார்.

மருத்துவமனையில் இவ்வளவு கூட்டம் ஏன் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓபி காலையில் சில மணி நேரம்தான். அதனால் எல்லோரும் ஏழு மணிக்கே வந்து நிற்கிறார்கள். டாக்டர்கள் வார்டு ரவுண்ட்ஸ் முடித்துவிட்டுத்தான் ஓபிக்கு வர முடிகிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான் ஓபி. “உங்க யூனிட்டு செவ்வாய்க்கிழமை, அன்னிக்கு வாங்க” என்றால் ஒரு நாள் போச்சு. சென்னை மாநகராட்சிக்கு 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் அவை போதும். எக்கோ எடுக்கவும் எலும்பு டாக்டரைப் பார்க்கவும் மேலே போய்த்தான் ஆக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய நிம்மதி. அது இன்னும் எட்டாதவர்களைத்தான் அந்தச் சுவரோரம் பார்த்தேன். காலிப் பணியிடம் நிரப்பாத இடத்தில், நூற்றுக்கணக்கான நோட்டுகளை முடிக்க வேண்டிய ஒரு டாக்டரால் ஓர் ஆளுக்கு எத்தனை நிமிஷம் தர முடியும்? கோபம் அந்த டாக்டரின் மேல்தான் திரும்புகிறது. 2024 நவம்பர் 13 அன்று கிண்டி அரசு மருத்துவமனையில், தாய்க்குக் கொடுத்த சிகிச்சையில் குறை கண்ட மகன் டாக்டரைக் கத்தியால் குத்தினான். அதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. பணியிடத்தை நிரப்பாதவர், ஸ்கேன் மெஷின் வாங்காதவர், ஓபி நேரத்தை நிர்ணயித்தவர் யாருமே நோயாளியின் கண்ணில் படுவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் மட்டும்தான் தெரிகிறார். காத்திருப்பை எழுதிவைத்தால் டாக்டருக்கும் அது கவசம்: இத்தனை பேரை இத்தனை மணிக்குள் தனி ஒருவராகப் பார்த்தேன் என்று அவரால் மேலே காட்ட முடியும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் அவசரப் பிரிவுக்கு நான்கு மணி நேரம், சிறப்பு சிகிச்சைக்குப் பதினெட்டு வாரம் என்று வரையறை வைத்து, எந்த மருத்துவமனை அதைக் காப்பாற்றியது என்று மாதந்தோறும் வெளியிடுகிறார்கள். வரையறையை அவர்களாலும் பல ஆண்டுகளாக எட்ட முடியவில்லை. எட்டவில்லை என்பது ஊருக்கெல்லாம் தெரிகிறது, பார்லிமென்டில் அமைச்சர் எழுந்து பதில் சொல்கிறார். ஆனால் அங்கேயே ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில், எண்ணிக்கையையும் வரவு செலவையும் ஒப்பேற்றுவதிலேயே நிர்வாகம் கருத்தாக இருக்க, வார்டில் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லாமல் நோயாளிகள் தவித்ததை ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணையின் 2013 அறிக்கை எடுத்துச்சொன்னது. ஆகவே எண்ணைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. தாய்ச் சாவு விசாரணையில் குடும்பத்தாருக்கு நாற்காலி போட்டார்களே, அந்த நாற்காலி இங்கேயும் வேண்டும்.

இந்த ஊரின் கதை ஒன்று எல்லோருக்கும் தெரியும். பிரிய மாட்டேன் என்று சங்கிலியாருக்கு வாக்குக் கொடுக்க வேண்டிய சுந்தரர், சந்நிதியில் சத்தியம் செய்யும்போது சுவாமி மகிழ மரத்தடியில் போய் இருக்கட்டும் என்று ஏற்பாடு பண்ணிக்கொண்டார். சங்கிலியாரோ மகிழடியிலேயே சத்தியம் கேட்டுவிட்டார். சாட்சி இருந்த இடத்தில் வாக்கு விழுந்ததால்தான் அதை மீறி ஊரெல்லையைத் தாண்டியபோது கண் போயிற்று. மருத்துவமனைச் சுவரில் நோயாளி உரிமைகள் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய சாசனத்திலிருந்து வந்த நல்ல வாசகங்கள். அந்த வாக்குக்குச் சாட்சியாக நேரத்தைக் குறித்த ஒரு சீட்டு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

நமக்கு இந்தக் கணக்கு மற்ற ஊர்களைவிட அவசரம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், கோரமண்டல் ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் தூக்கத்திலிருந்தவர்கள் கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறினார்கள். சிலரைத் தனியார் மருத்துவமனைக்கும் சிலரை ஸ்டான்லிக்கும் கொண்டுபோனார்கள். ஆபத்தான ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகளைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு, விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று 1996-இலேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அப்படி ஓர் இரவில் எந்த மருத்துவமனை எத்தனை பேரை ஏற்கும், ஆக்சிஜன் எங்கே எவ்வளவு என்று இங்கே இருக்கிற யாருக்காவது யாராவது சொல்லியிருக்கிறார்களா?

கேட்பதற்கு நமக்கு வழி இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் மாநகராட்சி வார்டுகளில் ஏரியா சபைக் கூட்டம் நடக்கிறது. குப்பையும் தெருவிளக்கும் மட்டும் அங்கே பேசுவதற்கல்ல. உங்கள் வார்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை பேரைப் பார்த்தார், மேல் சிகிச்சைக்கு அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கூட்டந்தோறும் அங்கே படிக்கச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தமிழிலேயே எழுதலாம். கேள்வி மூன்று போதும். உங்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், டெக்னீஷியன் பணியிடம் எத்தனை, இன்று காலி எத்தனை? அல்ட்ராசவுண்டு, எக்கோ, எம்ஆர்ஐ ஆகியவற்றுக்குச் சீட்டு எழுதிய தேதிக்கும் ஸ்கேன் எடுத்த தேதிக்கும் நடுவே கடந்த மூன்று மாதத்தில் சராசரியாக எத்தனை நாள்? ஓபியில் சீட்டு வாங்கியதற்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் நடுவே ஆகும் நேரத்தை எந்தப் பதிவேட்டில் குறிக்கிறீர்கள், அதன் நகல் வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு, அப்படிப் பதிவேடு இல்லை என்று பதில் வரக்கூடும். வரட்டும். முப்பது நாளுக்குள் அந்தப் பதில் கையெழுத்தோடும் முத்திரையோடும் வர வேண்டும். வந்ததும் அதை எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடமும் மாமன்ற உறுப்பினரிடமும் போகலாம். எழுதிய மாதிரி மனு வாசலருகே மேசையில் வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாத அம்மாக்கள் சங்கோஜப்பட வேண்டாம். எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மருத்துவமனையாகப் பிரித்துக்கொண்டு, போவதற்கு முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள்.